ரிமோட்டைத் திரும்பக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

ரிமோட் விமானங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், சாலாக், லிந்தாங் பக்கமிருந்து கடிதங்கள் வந்து சேர்ந்தன. பழுதான டிரான்ஸ்மிட்டர்களை (விமானத்தை இயக்கக் கையில் பிடிக்கும் ரிமோட்) தயாரிப்பாளரே திரும்பப் பெற்று வேறொன்று தரும் ‘ரீகால்’ பற்றித்தான் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம்.

என்னுடைய டிரான்ஸ்மிட்டர் ரகத்துக்கு ரீகால் என்று நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எனக்கு இதுவரை ஒரு தொல்லையும் இல்லை, நன்றாகத்தான் பறக்கிறது. நானும் அனுப்பத்தான் வேண்டுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

நன்றாகப் பறக்கிறதா என்பது கணக்கில்லை ஐயா, சீரியல் எண் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. பின்பக்க ஸ்டிக்கரில் அந்த எண் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் பேட்டரி மூடியைக் கழற்றிப் பாருங்கள். அறிவிப்பில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று போட்டிருப்பார்கள். சில அறிவிப்புகள் மென்பொருள் பதிப்பையும் கேட்கும். அது டிரான்ஸ்மிட்டரின் சிஸ்டம் மெனுவில் கிடைக்கும். உங்கள் எண் பட்டியலில் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் நிம்மதியாகப் பறக்கவிடுங்கள்.

‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பதை நாங்கள் ஏன் காதில் வாங்குவதில்லை என்று கேட்கலாம். டிரான்ஸ்மிட்டரில் வரும் மோசமான பழுதுகள் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் இயங்கும் டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு தனி அடையாள எண்ணைப் பதித்து அனுப்புகிறார்கள். டிரான்ஸ்மிட்டரையும் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரையும் இணைப்பதைத்தான் பைண்ட் என்கிறோம். பைண்ட் செய்யும்போது ரிசீவர் அந்த எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த எண்ணோடு வரும் கட்டளையை மட்டுமே கேட்கும். ஒரே திடலில் பலர் ஒரே நேரத்தில் பறக்கவிட முடிவது இதனால்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் புதிதாக வந்த காலத்தில் ஃபுட்டாபா நிறுவனத்தின் சில ரகங்களில் இந்த எண் அழிந்து வெறும் பூச்சியமாகிவிடும் பழுது வெளிப்பட்டது. நிறுவனமே எச்சரிக்கை விட்டது.

பூச்சியமானால் என்ன நடக்கும்? நேற்றுவரை வேலை செய்த ரிசீவர் இன்று அசையாது. வைத்திருப்பவர் ‘பைண்ட் போய்விட்டது போல’ என்று மறுபடி பைண்ட் செய்வார். உடனே வேலை செய்யும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. இப்போது அந்த ரிசீவர் பூச்சியம் என்ற எண்ணுக்குக் கட்டுப்பட்டுவிட்டது. அதே பழுதுள்ள இன்னொரு டிரான்ஸ்மிட்டரை யாராவது அருகில் போட்டால் அதற்கும் கட்டுப்படும். தனியாகப் பறக்கவிடுபவருக்கு இது ஆயுளுக்கும் தெரிய வராது. ஆகவே, எந்த ரகமாக இருந்தாலும் சரி, காரணமில்லாமல் பைண்ட் போனால் மறுபடி பைண்ட் செய்துவிட்டு அப்படியே பறக்கவிடாதீர்கள். முதலில் தயாரிப்பாளரின் உள்ளூர் ஏஜென்டிடம் கேளுங்கள்.

எல்லா ரீகாலிலும் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. எஃப்ஆர்ஸ்கை நிறுவனத்தின் ஏசிசிஎஸ்டி டி16 என்ற வானொலி முறையில் மிக அரிதாக சர்வோ (விமானத்தின் அசையும் பாகங்களைத் திருப்பும் சிறு மோட்டார்) தானாக அசையும் பழுது இருந்தது. அதற்கு 2-ஆம் பதிப்பு மென்பொருளை வெளியிட்டார்கள், நாமே ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டிலும் ஏற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் ஏற்றினால் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றோடொன்று பேசாது. பலர் ரிசீவரை மறந்துவிட்டு டிரான்ஸ்மிட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வாட்ஸ்அப்பில் வருவது உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், சாலாக்

தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் அதே அறிவிப்பு இருக்க வேண்டும். ரகத்தின் பெயர், சீரியல் எண் வரம்பு, பழுது என்ன, நீங்கள் செய்ய வேண்டியது என்ன, இந்த நான்கும் அதில் இருக்கும். ‘முன்பணம் கட்டுங்கள்’, ‘வங்கிக் கணக்கு எண் அனுப்புங்கள்’ என்று இருந்தால் அது ஏமாற்று வேலை. வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொடாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டிப் பாருங்கள்.

மாற்று டிரான்ஸ்மிட்டர் வர மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். அதுவரை எங்கள் தோட்டத்துப் பந்துத் திடலில் தாழ்வாகப் பறக்கவிடலாம் இல்லையா?
– இளைஞர், ஹீவூட் தோட்டம்

கூடாது தம்பி. தாழ்வாகப் பறந்தால் கட்டுப்பாடு போகும்போது சுதாரிக்க நேரமும் இருக்காது, ஆட்கள் நிற்கும் உயரத்திலேயே விமானம் போகும். ஒன்றரைக் கிலோ விமானம் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் அதன் ஆற்றல் 300 ஜூல். 20 கிலோ செம்பனைக் குலை ஒன்றரை மீட்டர் மேலிருந்து தலையில் விழுந்தால் என்ன ஆகுமோ அதுதான். அதோடு முன்னால் சுழலும் புரொப்பெல்லரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத் திடல் என்றால் ஒரு பக்கம் பள்ளி, ஒரு பக்கம் கோயில், மாலையில் பிள்ளைகள்.

கை பழக வேண்டும் என்றால் டிரான்ஸ்மிட்டரைக் கணினியில் இணைத்து சிமுலேட்டரில் (திரையில் பறக்கவிட்டுப் பழகும் மென்பொருள்) பறக்கவிடுங்கள். ஆனால் ரீகால் பேட்டரிக்கோ சார்ஜ் செய்யும் பகுதிக்கோ என்றால் அதுவும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் என்னென்ன குறித்துக்கொள்ள வேண்டும்? என்னுடைய ஆறு மாடல் விமானங்களின் அமைப்புகள் அதில் பதிவாகியிருக்கின்றன.
– வாசகர், லிந்தாங்

நல்ல கேள்வி. அனுப்பிய டிரான்ஸ்மிட்டரே பெரும்பாலும் திரும்பி வராது. வேறொன்று வரும், அது வெறுமையாக வரும்.

எஸ்டி கார்டு போடும் வசதி இருந்தால் எல்லா மாடல்களையும் அதில் ஏற்றி, கார்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கார்டோடு அனுப்பிவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. அந்த வசதி இல்லாத ரகமென்றால் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு மெனுப் பக்கத்தையும் படம் எடுங்கள். சர்வோ ரிவர்ஸ், எண்ட் பாயின்ட், சப் டிரிம், டூயல் ரேட், எக்ஸ்போ, மிக்ஸிங், திராட்டில் கட், டைமர், ஃபெயில்சேஃப், எந்த சுவிட்ச் எதற்கு என்பது, மெனுவில் இருக்கும் இந்த அமைப்புகள் எல்லாம் வேண்டும். டிரிம் (விமானம் நேராகப் பறக்கச் செய்யும் சிறு திருத்தம்) எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று காட்டும் முதல் திரையையும் விட்டுவிடாதீர்கள். முதல் பறப்பில் அதைத்தான் தேடுவீர்கள்.

பிறகு சீரியல் எண் தெரியும்படி ஒரு படம், வாங்கிய ரசீது ஒரு படம். பழுது கண்ணுக்குத் தெரியும் வகையென்றால் சிறு வீடியோ எடுங்கள். உங்கள் டிரான்ஸ்மிட்டர் மோட் 1-ஆ மோட் 2-ஆ, அதாவது திராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்) வலது கையிலா இடது கையிலா என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்களிடம் கைக்கு எது கிடைக்கிறதோ அதை அனுப்பிவைப்பார்கள். பழக்கமில்லாத மோடில் முதல் நாளே பறக்கவிட்டு விமானத்தை மண்ணில் குத்தியவர்கள் உண்டு.

ஏஜென்டிடமிருந்து ஒப்புதல் எண் வாங்காமல் பார்சலை அனுப்பாதீர்கள். எண் இல்லாத பார்சல் கிடங்கில் ஒரு மூலையில் கிடக்கும், கேட்பார் இருக்காது.

பார்சல் கட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பேட்டரியைக் கழற்றுங்கள். அதையும் கேட்டிருக்கிறார்களா என்று அறிவிப்பில் பாருங்கள். கேட்காவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும். கேட்டிருந்தால் இணைப்பு முனைகளில் டேப் ஒட்டித் தனிப் பையில் போடுங்கள். பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெறும் லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்ற அனைத்துலக விதிகள் இடம் கொடுப்பதில்லை. கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ லாரியில் போகும் பார்சலுக்கு வேறு கணக்கு. ஆனாலும் உள்ளே லித்தியம் இருப்பதை அஞ்சல் முகப்பில் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னால் பேட்டரி இல்லாமல்தான் அனுப்ப வேண்டும்.

இரண்டு ஸ்டிக்குகளும் நேரடியாக அட்டையில் இடிபடக் கூடாது. பழைய பெட்டியிலிருந்த வார்ப்பு நுரை இருந்தால் அதிலேயே வைத்து, வெளியே இன்னொரு பெட்டி போட்டு, இடைவெளியில் காகிதத்தைக் கசக்கி நிரப்புங்கள். ஆன்டெனாவை மடக்கியே வையுங்கள். ரிசீவரை அனுப்பச் சொல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

புதிய டிரான்ஸ்மிட்டர் வந்துவிட்டது. ஆனால் என் பழைய ரிசீவர்களில் இரண்டு பைண்ட் ஆகவே மாட்டேன் என்கின்றன. மாற்றித் தந்ததும் பழுதா?
– வாசகர், லிந்தாங்

பழுதாக இருக்காது. முறை மாறியிருக்கலாம். ஒரே நிறுவனமானாலும் ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு வானொலி முறை. ஃபுட்டாபாவில் ஃபாஸ்ட் என்று ஒன்று, எஸ்-எஃப்எச்எஸ்எஸ் என்று ஒன்று, டி-எஃப்எச்எஸ்எஸ் என்று இன்னொன்று. ஃபிளைஸ்கையில் ஏஎஃப்எச்டிஎஸ் வேறு, அதன் 2ஏ வேறு. ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தில் டிஎஸ்எம்2, டிஎஸ்எம்எக்ஸ். 2015 முதல் ஐரோப்பிய விதிகள் கடுமையானதால், அந்தச் சந்தைக்கென்று செய்த ஸ்பெக்ட்ரம் டிரான்ஸ்மிட்டர்களில் டிஎஸ்எம்2 இருக்காது. உங்களுக்கு வந்தது அப்படிப்பட்டதா என்று பாருங்கள். ரிசீவர் மேல் எழுதியிருக்கும் முறையும் டிரான்ஸ்மிட்டர் மெனுவில் இருக்கும் முறையும் பொருந்தாவிட்டால் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. ரீகாலில் வந்த மாற்று டிரான்ஸ்மிட்டர் உங்கள் ரிசீவர்களோடு பேசாது என்றால், ரிசீவரையும் மாற்றித் தரும்படி ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

முறை பொருந்துகிறது என்றால் பைண்ட் செய்யும் வழி இது. முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அருகில் வேறு டிரான்ஸ்மிட்டர் எதுவும் ஓடக் கூடாது. மாடலுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் இடையே ஒரு மீட்டர் இருக்கட்டும். ஒட்டி வைத்தால் அலையின் வலுவிலேயே ரிசீவர் திணறும். ரிசீவரில் பைண்ட் பிளக்கைச் செருகி, அல்லது பொத்தானை அழுத்திப் பிடித்து, மின்சாரம் கொடுங்கள். விளக்கு வேகமாக மின்னும். திராட்டிலைக் கீழே இறக்கி, டிரான்ஸ்மிட்டரை பைண்ட் நிலையில் போடுங்கள். விளக்கு மின்னாமல் நின்று எரிந்தால் முடிந்தது. பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள். செருகியபடியே விட்டால் அடுத்த முறையும் பைண்ட் நிலையிலேயே எழும்பும். இரண்டையும் அணைத்து, டிரான்ஸ்மிட்டரை முதலில், ரிசீவரை அடுத்துப் போட்டுப் பாருங்கள். அணைக்கும்போது தலைகீழ்: ரிசீவர் முதலில்.

இதோடு விட்டுவிட்டுத் திடலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பைண்ட் ஆனது பாதி வேலைதான்.

அடுத்தது ஃபெயில்சேஃப், அதாவது அலை அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே அமைத்து வைப்பது. அலை அறுந்தால் சில முறைகளில் சர்வோக்கள் கடைசிக் கட்டளையிலேயே நின்றுவிடும். திராட்டில் முழுவதும் திறந்திருந்தால் திறந்தபடியே போகும். ஆகவே திராட்டில் மூடும்படி அமையுங்கள். அமைத்ததைச் சோதியுங்கள்: மாடலைக் கட்டிப்போட்டு, புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரைக் கால்வாசி ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஓரிரு விநாடிக்குள் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பறப்பு இல்லை.

சர்வோ திசைகளையும் பாருங்கள். வெறுமையாக வந்த டிரான்ஸ்மிட்டரில் ரிவர்ஸ் அமைப்பெல்லாம் ஆரம்ப நிலையில் இருக்கும். மாடலுக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஏலெரான் (பின் விளிம்பில் அசையும் பலகை) மேலே எழும்ப வேண்டும். பின்னுக்கு இழுத்தால் எலிவேட்டர் (வாலில் அசையும் பலகை) மேலே. இதைப் பார்க்காமல் பறக்கவிட்டால் பத்து மீட்டர் தாண்டாது.

கடைசியாக ரேஞ்ச் டெஸ்ட், அதாவது அலை எவ்வளவு தொலைவு எட்டுகிறது என்ற சோதனை. மெனுவில் அலையின் வலுவைக் குறைக்கும் நிலை இருக்கும். அதில் போட்டு, மாடலை நாற்காலி உயரத்தில் வைத்து, ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, நீங்கள் 30 எட்டு நடந்து ஸ்டிக்குகளை அசையுங்கள். நிற்பவர் மாடலை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டட்டும். புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டும் ஒரு முறை செய்யுங்கள், ஸ்பீடு கன்ட்ரோலர் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கிளப்பும் மின் இரைச்சல் அப்போதுதான் வெளிப்படும். எங்காவது சர்வோ தயங்கினால் காரணம் தெரியும்வரை பறக்கவிடாதீர்கள். முடிந்ததும் குறைந்த வலுவிலிருந்து வெளியே வந்துவிட்டீர்களா என்று திரையைப் பாருங்கள்.

லிந்தாங் பக்கம் திடலைச் சுற்றிச் செம்பனைதானே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈரம் விழுங்கும். மழை விட்ட பிறகு இலை வரிசைக்குப் பின்னால் விமானத்தை இறக்கினால் புத்தம்புதிய டிரான்ஸ்மிட்டரும் கைவிடும். அது ரீகாலில் சேராது. ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டிப் பிடிக்காதீர்கள், நுனித் திசையில்தான் அலை மிகக் குறைவு.

ஸ்டிக்கைத் தொடாமலே சர்வோ துடிக்கிறது. இதையும் ரீகாலில் அனுப்பலாமா?
– மாணவர், சுங்கை சிப்புட்

டிரான்ஸ்மிட்டர் திரையில் சர்வோ மானிட்டரை (சர்வோவுக்குப் போகும் கட்டளையைக் கோடாகக் காட்டும் பக்கம்) திறந்து பாருங்கள். தொடாதபோதே அங்கே கோடு ஆடினால் குற்றம் ஸ்டிக்கில். கார்பன் தடம் உள்ள பழைய வகை ஸ்டிக்கில் தேய்மானமும் நம் ஊர் ஈரப்பதமும் சேர்ந்து இதைச் செய்யும். காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் வகையில் இந்தத் தேய்மானம் இல்லை. திரையில் கோடு அசையாமல் சர்வோ மட்டும் துடித்தால் டிரான்ஸ்மிட்டரைக் குறை சொல்ல வேண்டாம். சர்வோ, ஒயர், ரிசீவருக்குப் போகும் மின்சாரம் என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

தேய்மானத்தை ரீகாலாக ஏற்கமாட்டார்கள். ஆனால் ஆன்டெனாவைத் திருப்பும்போது மட்டும் தொடர்பு விட்டுவிட்டு வந்தால் சொல்லுங்கள். கீல் இருக்கும் இடத்தில் உள்ளே போகும் மெல்லிய ஒயர் முறிந்திருக்கலாம். அது ஆபத்தான பழுது. உத்தரவாதக் காலத்தில் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

இணையச் சந்தையில் வாங்கினேன். ‘நாங்கள் ஏஜென்ட் இல்லை, ரீகால் எங்களுக்குப் பொருந்தாது’ என்று விற்றவர் கைகழுவுகிறார்.
– வாசகர், சாலாக்

விற்றவர் மலேசியாவில் இருந்தால் அவ்வளவு சுலபமாகக் கைகழுவ முடியாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரத்தில் பொருள் பாதுகாப்பானதாக இருப்பதும் அடங்கும். முதலில் எழுத்தில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ரீகால் அறிவிப்பின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். அதைவிட வலுவான சாட்சி கிடையாது.

வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் தீர்ப்பு கிடைத்தாலும் பணம் கைக்கு வருவது சிரமம். நேரே தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். இனி வாங்கும்போது சிரிம் (மலேசியத் தரச் சான்று நிறுவனம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வானொலிக் கருவிகளுக்கு அது வேண்டும். முத்திரை இல்லாததைப் பெரும்பாலும் உள்ளூர் ஏஜென்ட் தொடமாட்டார்.

என் மகனின் ரிமோட், சார்ஜ் போட்டால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. பேட்டரியை அவனே மாற்றினானாம்.
– ஒரு தாயார், சுங்கை சிப்புட்

அம்மா, இனி அதை சார்ஜ் போட வேண்டாம். பழைய ரிமோட்டுகளில் நிக்கல் பேட்டரி இருந்தது, ஒரு செல் 1.2 வோல்ட். இப்போது பிள்ளைகள் அதை எடுத்துவிட்டு லித்தியம் போடுகிறார்கள், ஒரு செல் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. நிக்கலுக்கான சார்ஜர் லித்தியத்துக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று அறியாது. ஏற்றிக்கொண்டே போகும். பேட்டரி உப்பும், பிறகு தீப்பிடிக்கும். உப்பியிருந்தால் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய வாளியில், வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில் வையுங்கள்.

பேட்டரியை மாற்றிய ரிமோட்டை ரீகாலில் ஏற்பார்களா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. மறைக்காமல் எழுதிக் கேளுங்கள். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், ஆன்டெனாவை வெட்டிப் படம் மட்டும் அனுப்புங்கள் என்கிறார்கள். வெட்டலாமா?
– வாசகர், ஹீவூட் தோட்டம்

வெட்டலாம், சில நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகு வெட்டுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆன்டெனாவை அடியோடு வெட்டி, வெட்டிய துண்டும் சீரியல் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். மீதியை உதிரிப் பாகத்துக்காக யாருக்கும் கொடுக்காதீர்கள். வேறோர் ஆன்டெனாவைப் பற்ற வைத்து அதே பழுதோடு யாராவது பறக்கவிடுவார்கள். லயத்துக் குப்பைக் குழியில் போட்டு எரிக்கவும் கூடாது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் டிரான்ஸ்மிட்டரை ஒரு பக்கமும் பேட்டரியைத் தனியாக இன்னொரு பக்கமும் கொடுங்கள்.